வாசலில் கோலம் இல்லாத வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

தாம்பரத்துக்கு அப்பால் 42 வீடுகள் கொண்ட ஒரு தெருவில் நான் குடியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரே இரவில் இரண்டு வீடுகளின் பூட்டு உடைக்கப்பட்டது. திருடனுக்கு யாரும் துப்புக் கொடுக்கவில்லை. ஒரு வீட்டின் கேட்டுக்குள் நான்கு நாள் செய்தித்தாள் சுருட்டியபடியே கிடந்தது. மற்றொரு வீட்டில் தாழ்வார விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. தெரு முழுவதும் வண்ணக் கோலம் போட்டிருந்த அந்த வாரத்தில் இரண்டு வாசல்களும் வெறுமையாகக் கிடந்தன. தினமும் அவ்வழியே நடந்துபோன நாங்கள் கவனிக்காததை வெளியாள் ஒருவன் கவனித்துவிட்டான்.

அதன் பிறகுதான் தெருக் கண்காணிப்புக் குழு அமைத்தோம். இப்படிப்பட்ட குழுக்கள் எல்லாம் செய்வதைத்தான் நாங்களும் முதலில் செய்தோம். பணம் வசூலித்து நான்கு கண்காணிப்பு கேமராக்களை மாட்டினோம். 2017க்குப் பின் சென்னைக் காவல்துறையின் ‘மூன்றாவது கண்’ திட்டத்தால் கேமரா இல்லாத தெரு அரிதாகிவிட்டது. குற்றம் நடந்தபின் துப்புத் துலக்க அவை பெரிதும் உதவுகின்றன என்பதிலும் ஐயமில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் காணாமல் போனபோது, பதிவுப் பெட்டியின் கடிகாரம் 47 நிமிடம் பின்தங்கியிருந்தது. வண்டி கடந்துபோன காட்சியிலோ முகப்பு விளக்கின் கூச்சத்தில் எண் பலகை வெறும் வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒருவர் ஏணி வைத்து ஏறி லென்சைத் துடைக்கிறார். இன்னொருவர் கடிகாரத்தைச் சரிபார்க்கிறார். எதிர்வீட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராவையும் அன்றே சாலைப்பக்கம் திருப்பிவிட்டோம்.

எங்கள் முதல் கூட்டத்தில், இஸ்திரி வண்டிக்காரர், பூக்காரம்மா, தூய்மைப் பணியாளர்கள் ஆகியோருக்கு அடையாள அட்டை கொடுத்து அவர்கள் வந்துபோவதைக் கண்காணிக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நானும் தலையசைத்தேன். உண்மையில், காலை ஏழு மணி முதல் இருட்டும் வரை தெருவில் நிற்பவர்கள் அவர்கள்தாம். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள், எந்த ஆட்டோ யாருக்காக வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அலுவலகத்துக்குப் போய் இரவு திரும்புகிற நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரிவதில்லை. இஸ்திரி வண்டிக்காரர் இப்போது குழுவின் உறுப்பினர்.

குழு அமைக்க நினைப்போர் தமிழ்நாட்டின் அண்மை வரலாறு ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1993இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், ‘காவல்துறை நண்பர்கள்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பொதுமக்களுக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே உள்ள அச்சத்தைக் குறைக்கும் நல்ல நோக்கத்தோடு பிறந்து, மாநிலமெங்கும் பரவிய அமைப்பு அது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல்துறையினரின் தாக்குதலுக்கு ஆளாகி உயிரிழந்த வழக்கில் இந்தத் தன்னார்வலர்கள் மீதும் புகார் எழ, அடுத்த மாதமே தமிழக அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது. என் கருத்தில், பார்ப்பதற்கும் சொல்வதற்கும் வந்தவர் கையில் லத்தி ஏறினால் அவர் அண்டை வீட்டுக்காரராக இருக்க முடியாது.

லத்தியே இல்லாமலும் அது நடக்கும். 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். குழந்தை கடத்துபவர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் ஒருமுறை, வீடு வீடாக எட்டிப்பார்த்த ஓர் இளைஞரின் படத்தை ‘சந்தேக நபர்’ என்று ஒருவர் போட்டுவிட்டார். கால் மணி நேரத்தில் அது மூன்று தெருக்களுக்குப் பரவியது. அவர் பழைய பேப்பர் எடுக்க வந்தவர். அன்று முதல், எவருடைய படத்தையும் குழுவில் போடக்கூடாது என்பது எங்கள் முதல் விதி.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவுப்படி, பிணையில் விட முடியாத, காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றத்தைத் தம் கண்ணெதிரே செய்பவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம். ஆனால் தேவையற்ற தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். வெறும் சந்தேகத்தின் பேரில் ஒருவரைக் கட்டிவைக்க யாருக்கும் உரிமை இல்லை. 100 அல்லது 112க்கு அழைத்து, இடத்தின் அடையாளம், வண்டி எண், எந்தப் பக்கம் போனார்கள் என்பவற்றைச் சொன்னால் போதும்.

‘பத்து நாள் ஊரில் இருக்க மாட்டோம்’ என்று குழுவில் எழுதுவதையும் நிறுத்திவிட்டோம். அது எத்தனை கைப்பேசிகளுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? வெளியூர் போகிறவர் அதைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கிறார்; இரவு ரோந்து வருபவர்கள் அந்த வீட்டையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் மட்டும் சொல்லி, செய்தித்தாளையும் பாலையும் நிறுத்திவிடுகிறார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே இரண்டு வாசலுக்கும் சேர்த்துக் கோலம் போடுகிறார்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், எட்டரை மணியாகியும் கடைக்கோடி வீட்டு வாசலில் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை என்று இஸ்திரி வண்டிக்காரர் வந்து சொன்னார். அங்கே ஓர் அம்மையார் தனியாக வசிக்கிறார். எதிர்வீட்டில் வைத்திருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தபோது, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். 108 ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இப்போது நலமாக இருக்கிறார். குனிய முடியாததால், முக்காலியில் உட்கார்ந்தபடி மூன்று புள்ளியில் சிறு கோலம் ஒன்று போடுகிறார். அதைப் பார்த்த பிறகுதான் வண்டிக்காரர் தம் பெட்டியில் கரி போடுகிறார்.