கணினி நிறுவனம் போன் சந்தையில் பிழைக்குமா?

அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பை ஒரு கேள்வியாகவே வைத்துக்கொள்வோம். மேசைக்கணினியும் மடிக்கணினியும் செய்து பெயர் வாங்கிய ஒரு நிறுவனம், ஸ்மார்ட்போன் சந்தைக்குள் நுழைந்தால் பிழைக்குமா?

ஆசை வருவதில் வியப்பில்லை. உலகம் முழுவதும் ஆண்டுக்கு விற்கும் கணினிகள் சுமார் 25 கோடி. ஸ்மார்ட்போன்கள் சுமார் 120 கோடி. பாகப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் திரை, பேட்டரி, நினைவகம், சர்க்யூட் போர்டு என்று கொள்முதல் துறைக்குப் பழக்கமான பெயர்களாகவே இருக்கும். "நாம் செய்வதைத்தானே சின்னதாகச் செய்யப்போகிறோம்" என்று இயக்குநர் குழுவில் யாராவது ஒருவர் சொல்வார். சறுக்கல் அந்த வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறது.

இந்த வழியில் போனவர்கள் நிறையப் பேர். ஏசர் 2008-இல் இ-டென் என்ற தைவான் நிறுவனத்தை வாங்கி, மறு ஆண்டே போன்களை இறக்கியது. தோஷிபா 2009-இல் டிஜி01 என்ற போனைக் கொண்டுவந்தது. டெல் 2010-இல் 5 அங்குலத் திரையோடு ஸ்ட்ரீக் விற்றது. இவ்வளவு பெரிய போனை யார் வாங்குவார்கள் என்று அன்று கேட்டார்கள். இன்று 5 அங்குலம் என்றால் சின்ன போன். எச்.பி. 2010-இல் பாம் என்ற போன் நிறுவனத்தை 120 கோடி டாலருக்கு வாங்கியது. பாமின் மென்பொருளில் ஓடிய டச்பேட் என்ற டேப்லெட் 2011 ஜூலை 1-இல் விற்பனைக்கு வந்தது. ஆகஸ்ட் 18-இல் நிறுத்தப்பட்டது. இந்த நால்வரில் யாருமே போன் சந்தையில் காலூன்றவில்லை.

இத்தனைக்கும் போனைத் தயாரிப்பது தடையே அல்ல. ஹுவாச்சின், லாங்சியர் போன்ற சீன ஒப்பந்த நிறுவனங்கள் வடிவமைப்பு முதல் அட்டைப்பெட்டி வரை செய்து, நீங்கள் சொல்லும் பெயரைப் பொறித்துக் கொடுத்துவிடும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. முதலில் ரேடியோ, அதாவது சிக்னலை அனுப்பி வாங்கும் பகுதி.

மடிக்கணினியில் வைஃபைக்குத் திரையின் ஓரத்தில் இரண்டு ஆண்டெனா வைத்தால் வேலை முடிந்தது. 5ஜி போனில் பல அலைவரிசைகளுக்கான ஆண்டெனாக்கள், வைஃபை, ஜி.பி.எஸ்., என்.எஃப்.சி. எல்லாம் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்க வேண்டும். கணினி வடிவமைப்பாளர்களுக்கு அலுமினிய உடல் பிடிக்கும். ரேடியோ அலைக்குப் பிடிக்காது. உலோகச் சட்டத்தையே வெட்டி, துண்டுகளை ஆண்டெனாவாக்க வேண்டும். அந்த வெட்டு விழும் இடத்தில் பயனர் விரல் வைத்தால் சிக்னல் விழும். 2010-இல் ஐபோன் 4-க்கு நடந்தது இதுதான். ஆப்பிளே அதற்கு உறை இலவசமாகக் கொடுக்க நேர்ந்தது.

இதைவிடப் பொல்லாதது உள்ளிருந்தே வரும் இரைச்சல். நினைவகத்தின் கடிகாரத் துடிப்பு, கேமராவிலிருந்து படத்தைக் கொண்டுவரும் அதிவேக இணைப்பு, திரையின் இணைப்பு, இவற்றின் மடங்கு அதிர்வெண்களில் ஏதாவது ஒன்று போன் கேட்கும் அலைவரிசைக்குள் விழுந்தால் ரிசீவர் செவிடாகிவிடும். கேமராவைத் திறந்தால் மட்டும் அழைப்பு துண்டாகிறது என்று ஒரு புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மென்பொருளில் மாதக்கணக்கில் தேடினாலும் கிடைக்காது. கவசத் தகடு, இணைப்பின் வேகத்தைச் சற்று நகர்த்துவது, போர்டில் பாதையை மாற்றுவது என்று மூன்று மருந்துகள் உண்டு. மூன்றாவது மருந்து என்றால் போர்டை மறுபடி அச்சடிக்க வேண்டும், அட்டவணை வாரக்கணக்கில் தள்ளிப்போகும். கூடவே உடல் உறிஞ்சும் கதிர்வீச்சுக்கு வரம்பு: அமெரிக்காவில் 1 கிராம் திசுவுக்குச் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட், ஐரோப்பாவில் 10 கிராமுக்குச் சராசரியாக 2 வாட். சிக்னல் பலவீனமாக இருக்கிறதே என்று சக்தியைக் கூட்டினால் இந்த வரம்பில் முட்டுவீர்கள்.

மின்சாரக் கணக்கும் வேறு. மடிக்கணினிச் சிப்புக்கு 15 முதல் 28 வாட் வரை கொடுத்து, விசிறி வைத்துக் குளிர்விக்கலாம். விசிறி இல்லாத போனில் தொடர்ந்து தாங்குவது 3 முதல் 5 வாட்தான். மூடியை மூடினால் மடிக்கணினி தூங்கலாம்; போன் முழுதாகத் தூங்க முடியாது. நெட்வொர்க் அழைக்கிறதா என்று பொதுவாக 1.28 விநாடிக்கு ஒருமுறை விழித்துக் கேட்க வேண்டும். ஓய்வில் சராசரி 10 மில்லிஆம்பியர் போனால் நாளுக்கு 240 மில்லிஆம்பியர்-மணி. 5,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஒரே ஒரு சென்சாரை இயக்கும் மென்பொருள் (டிரைவர்) சிப்பைத் தூங்கவிடாமல் பிடித்துக்கொண்டு அது 100 ஆனால் நாளுக்கு 2,400. பையில் கிடந்தபடியே பாதி பேட்டரி போய்விடும்.

சரி, போன் தயார். அழைப்பு போகுமா? 2ஜி, 3ஜி வலையமைப்புகள் இரண்டையும் மூடிய நாடுகளில் குரல் அழைப்பு 4ஜி அல்லது 5ஜி வழியாகத்தான் போக வேண்டும், அதற்கான அமைப்புகள் ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் மாறும். ஆஸ்திரேலியாவில் 2024-இல் 3ஜி மூடப்பட்டபோது, 4ஜி-யில் அவசர எண்ணை அழைக்க முடியாத போன்களை வலையமைப்பிலிருந்தே தடுத்தார்கள். எத்தனை ஆபரேட்டரோ அத்தனை சோதனை. கணினி விற்கிறவர்களுக்கு இந்த வாசலே பழக்கமில்லை.

அடுத்தது காப்புரிமை. 5ஜி போனின் அடிப்படைக் காப்புரிமைகளுக்குக் குவால்காம் அறிவித்துள்ள விகிதம் போன் விலையில் 3.25 சதவீதம், அதிகபட்சம் 400 டாலர் விலை வரை. 300 டாலர் போன் என்றால் 9.75 டாலர். எரிக்ஸன் அறிவித்தது ஒரு போனுக்கு 2.5 முதல் 5 டாலர். நோக்கியா 3 யூரோ. பேசிக் குறைக்கலாம்தான். ஆனால் பதிலுக்குக் கொடுக்கக் கையில் சொந்த ரேடியோ காப்புரிமை இருந்தால்தான் பேச்சு எடுபடும், கணினி நிறுவனத்திடம் அது அநேகமாக இருக்காது. தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? காப்புரிமைகளை உரிமத்துக்கு விடும் இன்டர்டிஜிட்டல் நிறுவனம் தொடுத்த வழக்கில், 2007 முதல் 2023 வரையிலான விற்பனைக்காக லெனோவோ 13.87 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று 2023-இல் லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அந்தத் தொகை இன்னும் ஏறியது.

விற்ற பிறகும் கடமை தீராது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு மாடலின் விற்பனை முடிந்த நாளிலிருந்து 5 ஆண்டு இயங்குதளப் புதுப்பிப்பும், 7 ஆண்டு உதிரிபாகமும் தர வேண்டும். இரண்டு ஆண்டு விற்றால் மொத்தம் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு. சிப் தயாரிப்பாளர் நான்காம் ஆண்டில் டிரைவர் ஆதரவை நிறுத்திவிட்டால் நீங்கள் எவ்வளவு திறமைசாலியாக இருந்தும் பயனில்லை. ஆகவே இதைச் சிப் வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். மாடலைக் கூட்டக் கூட இந்தச் சுமை பெருகும், ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஆண்ட்ராய்டு போன்களுக்கான கூகுளின் பொருத்தச் சோதனையை மறுபடி ஓட்ட வேண்டும் என்பதால். ஆண்டுக்கு ஒரு மாடல், இரண்டு பிராந்திய வகை. புதிதாக நுழைகிறவருக்கு அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

அப்படியானால் ஆப்பிள்? அதுவும் கணினி நிறுவனம்தானே? ஆப்பிள் இயங்குதளத்தைத் தானே வைத்திருந்தது. அப்படிப்பட்ட நிறுவனமும் 2019-இல் இன்டெலின் மோடம் (போனை நெட்வொர்க்கோடு இணைக்கும் சிப்) பிரிவை 100 கோடி டாலருக்கு வாங்கி, சொந்த மோடத்தைப் போனில் வைக்க 2025 ஆகிவிட்டது. லெனோவோ வேறு வழியில் போனது. 2008-இல் தன் போன் பிரிவை 10 கோடி டாலருக்கு விற்று, மறு ஆண்டே 20 கோடி கொடுத்துத் திரும்ப வாங்கிய நிறுவனம் அது! 2014-இல் மோட்டரோலாவை 291 கோடி டாலருக்கு வாங்கியபோது, பெயரோடு ஆபரேட்டர் உறவுகளும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காப்புரிமைகளும் சேர்ந்து வந்தன. அந்தப் பணத்துக்கு உண்மையில் கிடைத்தது அதுதான்.

வாங்கப் பணம் இல்லாதவருக்கு ஒரே ஒரு வாசல் இருக்கிறது என்று நினைக்கிறேன்: ஏற்கெனவே தன் மடிக்கணினிகளை ஆயிரக்கணக்கில் வாங்கும் அலுவலக வாடிக்கையாளர்கள். அவர்கள் கேமராவைப் பார்த்து வாங்குவதில்லை. புதுப்பிப்பு, மையக் கட்டுப்பாடு, உதிரிபாகம், ஒரே பில் என்று பார்க்கிறார்கள். 2016-இல் எச்.பி. எலைட் எக்ஸ்3 இந்த வாசலில்தான் நுழைந்தது. விண்டோஸ் 10 மொபைலை நம்பி வந்தது, மைக்ரோசாப்ட் அதைக் கைவிட்டதும் அதற்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. மோட்டரோலா 2023-இல் அதே வாசலுக்குத் திங்க்போனை ஆண்ட்ராய்டில் கொண்டுவந்தது.

அதற்கும் முன்னால் 5ஜி மோடம் பொருத்திய மடிக்கணினிகளை இரண்டு தலைமுறையாவது விற்றுப் பார்க்கலாம். முன்பே சான்று பெற்ற மோடம் அட்டை கிடைக்கிறது. ஆண்டெனாவும் ஆபரேட்டர் அனுமதியும் கையில் பழகும். குரல் அழைப்பு மட்டும் அதில் கற்றுக்கொள்ள முடியாது. பிறகு ஆள் எடுக்கும் வரிசை: முதலில் ஆண்டெனா பொறியாளர், கூடவே ஆபரேட்டர் சான்றிதழ் தெரிந்தவர், காப்புரிமை வழக்கறிஞர். வெளித்தோற்றம் வரைகிறவர் அவர்களுக்குப் பிறகு வந்தால் போதும். அவர் வரைந்து, உடலை வார்க்கும் அச்சும் வெட்டிய பிறகு ஆண்டெனா பொறியாளர் வந்தால் அந்த அச்சு பழைய இரும்புக்குத்தான் போகும்.