எபிரெயர் 6-ல "மறுதலித்துப்போனவர்கள்" யாரு? இரட்சிப்பை இழந்துட்டோமோன்னு பயப்படுறவங்களுக்கு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் கூட்டத்துல கையைத் தூக்கி சத்தமா கேட்டாலும் சரி, உபவாச ஜெபம் முடிஞ்சு செருப்பு மாட்டுற இடத்துல பாஸ்டர்கிட்ட மெதுவா கேட்டாலும் சரி, கேள்வி ஒண்ணுதான். இரட்சிக்கப்பட்ட ஒருத்தர் இரட்சிப்பை இழந்துபோக முடியுமா? இதைக் கேக்குறவங்கள்ல நிறைய பேர் மனசுல உறுத்திக்கிட்டு இருக்கிறது எபிரெயர் 6-ம் அதிகாரம், 4-ல இருந்து 6 வரைக்கும் உள்ள வசனங்கள். அதனால இன்னைக்கு மொத்த உபதேசத்தையும் அலசப் போறதில்ல. இந்த மூணு வசனத்துல உக்காருவோம். சுருக்கமா அது சொல்றது: ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டும், பரிசுத்த ஆவியைப் பெற்றும் மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதற்கேதுவாய் மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாதகாரியம். பைபிளைத் திறந்து பக்கத்துல வச்சுக்கோங்க. நம்ம சபைகள்ல புழங்குற பழைய மொழிபெயர்ப்பா இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னா நான் சொல்லப்போற விஷயம் அந்தத் தமிழ் வார்த்தைகளைப் பத்தினது.

முதல்ல "மறுதலித்துப்போனவர்கள்". இந்த வார்த்தையைக் கேட்டதும் நமக்கு யார் ஞாபகம் வருவாங்க? பேதுரு. "நீ என்னை மூன்றுதரம் மறுதலிப்பாய்"னு மத்தேயு 26-ல இருக்கு. இங்கேயும் மறுதலிப்பு, அங்கேயும் மறுதலிப்பு. உடனே மனசு கணக்குப் போடுது: ஆபீஸ்ல "நீ கிறிஸ்தவனா"ன்னு கேட்டப்போ நான் வாயைத் திறக்கல, அப்போ நானும் மறுதலிச்சுட்டேன், அப்போ எனக்கும் திரும்பி வர வழி கிடையாது. இந்தக் கணக்கு எங்க தப்புதுன்னா, மூலமொழியான கிரேக்கத்துல இது ரெண்டும் ஒரே சொல் இல்ல. பேதுருவுக்கு வர்றது "தெரியாதுன்னு சொல்லிடறது"ங்கிற சொல். எபிரெயர் 6:6-ல வர்றது வேற, "விலகி விழுந்துபோறது"ங்கிற சொல். புதிய ஏற்பாட்டுலயே அது இந்த ஒரு இடத்துலதான் வருது. பழைய ஏற்பாட்டோட கிரேக்க மொழிபெயர்ப்புல எசேக்கியேல் 14:13-ல இதே சொல் இருக்கு. அங்க நம்ம தமிழ்ல "துரோகம்பண்ணி"ன்னு போட்டிருக்காங்க. ஒரு தேசமே உடன்படிக்கையை உதறிட்டு எதிர்ப்பக்கம் போறதைச் சொல்ற இடம் அது. பயத்துல நாக்கு குழறுனதைச் சொல்ற இடம் இல்ல. பேதுரு விழுந்தார், அழுதார், யோவான் 21-ல கரையில கரிநெருப்புக்குப் பக்கத்துல மறுபடியும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். எபிரெயர் 6 அவரைப் பத்திப் பேசவே இல்ல.

ரெண்டாவது வார்த்தை "ருசிபார்த்தும்". இது எதிர்ப்பக்கத்துல இருந்து வர்ற தவறு. "ருசிதானே பார்த்தாங்க, சாப்பிடலையே. குழம்புல உப்பு போதுமான்னு கரண்டியில தொட்டு நாக்குல வைக்கிற மாதிரி. அதனால அவங்க உண்மையா இரட்சிக்கப்படவே இல்ல"ன்னு ஒரு விளக்கம் ரொம்ப நாளா பிரசங்கங்கள்ல ஓடிக்கிட்டு இருக்கு. தமிழ்ல கேக்குறதுக்கு எடுப்பாத்தான் இருக்கும். ஆனா நாலு அதிகாரம் முன்னாடி திருப்புங்க. எபிரெயர் 2:9, இயேசு ஒவ்வொருவருக்காகவும் "மரணத்தை ருசிபார்க்கும்படிக்கு"ன்னு இருக்கு. அதே எழுத்தாளர், அதே சொல். இயேசு மரணத்தைத் தொட்டு நக்கிப் பார்த்துட்டு விட்டாரா? முழுசா அனுபவிச்சார். அப்போ 6-ம் அதிகாரத்துலயும் முழுசா அனுபவிச்சாங்கன்னுதான் படிக்கணும். நம்ம தமிழ்ல அடுத்த சொற்றொடர் இன்னும் பலமா இருக்கு: "பரிசுத்த ஆவியைப் பெற்றும்". மூலத்துல "ஆவியில பங்குள்ளவங்களாகி"ன்னு வரும். நம்ம மொழிபெயர்ப்பாளர்கள் "பெற்றும்"னே தீர்மானமா எழுதிட்டாங்க. இவ்வளவும் சொன்னதுக்கு அப்புறம் "அவங்க வெறும் பெயர்க்கிறிஸ்தவங்க"ன்னு சொன்னா, வசனத்தை நாமளே மெலிய வைக்கிறோம். நான் தேவனுடைய காக்கும் கிருபையை நம்புறவன்தான், ஆனாலும் அந்த விளக்கம் எனக்கு ஒருநாளும் ஒட்டலை.

"ஒருவேளை இது நடக்க வாய்ப்பே இல்லாத, ஒரு பேச்சுக்குச் சொன்ன காரியமோ"ன்னும் சிலர் சொல்வாங்க. அது பெரும்பாலும் ஆங்கில கிங் ஜேம்ஸ் பைபிள்ல இந்த இடத்துல ஒரு "இஃப்" இருக்கிறதால வந்த விளக்கம். கிரேக்கத்துல அந்த "ஒருவேளை" கிடையாது. தமிழ்லயும் கிடையாது. "மறுதலித்துப்போனவர்கள்"னு நேராத்தான் இருக்கு. இந்த இடத்துல நம்ம பைபிள் சரியா நிக்குது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம், "கூடாதகாரியம்". எது கூடாது? "மனந்திரும்புதற்கேதுவாய் அவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது". ஏன் கூடாது? "தேவனுடைய குமாரனைத் தாங்களே மறுபடியும் சிலுவையில் அறைந்து அவமானப்படுத்துகிறபடியால்". அந்த "அவமானப்படுத்துகிறபடியால்"ல நிகழ்காலம் இருக்கு பாருங்க. எப்பவோ ஒருநாள் செஞ்ச காரியம் இல்ல, இன்னைக்கும் செஞ்சுக்கிட்டே இருக்கிறது. மூலத்துலயும் அப்படித்தான்: விலகிப்போனது ஒரு தடவை நடந்து முடிஞ்ச செயல், சிலுவையில அறையுறது நடந்துக்கிட்டே இருக்கிற செயல். அதனால "சிலுவையில் அறைந்துகொண்டிருக்கும்வரை கூடாது"ன்னு படிக்கிற பண்டிதர்களும் உண்டு. "அதனாலேயே இனி எப்பவும் கூடாது"ன்னு கடுமையா படிக்கிறவங்களும் உண்டு. இலக்கணம் ரெண்டுக்கும் இடம் கொடுக்குது. தமிழ் "படியால்"னு காரணமா எடுத்துக்கிட்டதால நமக்கு ஒரு வாசிப்பு மட்டும்தான் தெரியுது. எதை எடுத்தாலும் ஒண்ணு மாறாது. மனந்திரும்பி வந்தவனைத் தேவன் தள்ளிவிடுவார்னு இந்த வசனம் சொல்லல. மனந்திரும்பவே மனசில்லாம இறுகிப்போனவனைப் பத்திச் சொல்லுது.

இதை யாருக்கு எழுதினாங்கன்னு பார்த்தா இன்னும் தெளிவாகும். 10:34-ல அவங்க ஆஸ்தி கொள்ளை போயிருக்கு. 10:25-ல சிலர் சபை கூடிவர்றதை விட்டுட்டாங்க. கிறிஸ்துவே வேண்டாம், யூதர்களோட பழைய பலிமுறையே போதும்னு திரும்பிப் போற சோதனை அவங்களுக்கு முன்னாடி இருந்துச்சு. கிறிஸ்துவோட அந்த ஒரே பலியை ஒதுக்கித் தள்ளிட்டா மன்னிப்புக்கு வேற எங்க போவீங்கங்கிறதுதான் எழுத்தாளரோட வாதம்.

சபைச் சரித்திரத்துல இந்த வசனம் ஒரு பெரிய சண்டையையே பார்த்திருக்கு. கி.பி. 250-ல ரோமப் பேரரசன் தேசியு எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிடணும்னு ஆணை போட்டான். பலியிட்டவங்களுக்கு ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தாங்க. அதுல "எப்பவும் பலியிட்டு வந்திருக்கேன், இப்பவும் உங்க முன்னாடி பலியிட்டேன்"னு இருக்கும். அந்த மாதிரி பாப்பிரஸ் தாள்கள் எகிப்துல 40-க்கு மேல கிடைச்சிருக்கு. நிறைய கிறிஸ்தவங்க உயிருக்குப் பயந்து பலியிட்டாங்க. சிலர் பலியிடாம காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிட்டாங்க. உபத்திரவம் தணிஞ்சதும் எல்லாரும் சபை வாசல்ல வந்து நின்னாங்க. ரோமாபுரியில நொவாத்தியன்ங்கிற மூப்பர் சேர்த்துக்கவே கூடாதுன்னார், அவர் வழி வந்தவங்க இந்த எபிரெயர் 6-ஐத்தான் காட்டினாங்க. கார்த்தேஜ் பேராயர் சிப்ரியான் 251-ல சங்கம் கூட்டி, தவம் செய்ய வைத்துச் சேர்த்துக்கலாம்னு முடிவெடுத்தார், காசு கொடுத்தவனுக்கு ஒரு அளவு, பலியிட்டவனுக்கு அதைவிடக் கடுமையா ஒரு அளவு. பெரும்பான்மை சபை சிப்ரியான் பக்கம்தான் நின்னுச்சு. நேரடியா விக்கிரகத்துக்குப் பலியிட்டவனுக்கே சபை கதவைத் திறந்துச்சுங்கிறதை மனசுல வச்சுக்கோங்க. அப்புறம் வந்த மிலான் பேராயர் அம்புரோசு, இந்த வசனம் தடுக்கிறது ரெண்டாவது ஞானஸ்நானத்தை, மனந்திரும்புதலை இல்லைன்னு விளக்கினார்.

சரி, சபைகள் என்ன சொல்லுதுன்னு வேகமா சொல்லிடறேன், ஏன்னா ஒரே குடும்பத்துல நாலு சபைக்குப் போறவங்க இருக்கீங்க. கத்தோலிக்கத் திருச்சபை சாவான பாவத்தால அருளை இழக்கலாம், ஒப்புரவு அருட்சாதனத்தால திரும்பப் பெறலாம்னு சொல்லுது. 1547-ல திரிதெந்தின் சங்கம் அதை எழுதிவச்சுது. லுத்தரன்களோட 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கை, 12-வது பிரிவுல, நீதிமானாக்கப்பட்டவன் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாதுங்கிற போதனையைக் கண்டிக்குது. சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்தவங்க 1618-19-ல நெதர்லாந்துல நடந்த டார்ட் சங்கத்துல, தெரிந்துகொள்ளப்பட்டவங்க மோசமா விழலாம், ஆனா முற்றிலுமா விழுந்துபோக தேவன் விடமாட்டார்னு தீர்மானிச்சாங்க. கால்வின் வழியினரோட மாறுபட்டு, அந்தச் சங்கத்தால விசாரிக்கப்பட்ட ஆர்மீனியஸ் வழியினர், தங்களோட 1610 அறிக்கையில இந்த ஒரு கேள்வியை மட்டும் இன்னும் ஆராயணும்னு திறந்தே வச்சிருந்தாங்க, பலருக்கு அது தெரியாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின வெஸ்லி, இழந்துபோகலாம்னு தெளிவா போதிச்சார். பெந்தெகொஸ்தே சபைகள்ல பெரும்பாலானவை அவர் பக்கம்தான். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) 1947-ல ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் எல்லாம் சேர்ந்து உருவானது. அதனால ஒரே சபையில ரெண்டு ஆயர் ரெண்டு விதமா பிரசங்கம் பண்ணினா ஆச்சரியப்படாதீங்க.

இதுல ஒண்ணைக் கவனிங்க. டார்ட் சொன்னது "நிலைநிற்பாங்க"ன்னு. "கன்வென்ஷன்ல ஒருதரம் கையைத் தூக்கிட்டா அப்புறம் எப்படி வாழ்ந்தாலும் பரலோகம்"னு அவங்க சொல்லவே இல்ல. அந்த ரெண்டாவதுக்கு கால்வின் பேரைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

என் நிலைப்பாடு என்னன்னு கேப்பீங்க. யோவான் 10:28, "அவைகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை". கிரேக்கத்துல இருக்கிறதுலயே பலமான மறுப்பு அது, அதை நான் தளர்த்த மாட்டேன். அதே நேரம் எபிரெயர் எச்சரிப்பும் பொம்மைத் துப்பாக்கி இல்ல. மலைப்பாதை வளைவுல தடுப்புச் சுவர் கட்டி "ஆபத்து"ன்னு பலகை வைக்கிறாங்களே, பள்ளம் நிஜம், பலகையும் நிஜம். பலகையைப் பார்த்து வண்டியை மெதுவாக்கிறவன் ஊர் போய்ச் சேர்றான். தேவன் தம்முடைய ஜனத்தைக் காக்கிற வழியில இந்த எச்சரிப்பும் ஒண்ணு. அதனாலதான் 6:9-லயே "நாங்கள் இப்படிச் சொன்னாலும்"னு தொடங்கி, இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்ககிட்ட உண்டுன்னு நம்புறோம்னு எழுதுறார். அந்த 9-ம் வசனத்தை விட்டுட்டு 6-லயே நிறுத்திடறதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

இப்போ பயத்துல தூக்கம் வராம இருக்கிறவங்களுக்கு. முதல் வேலை, எபிரெயரை ஒரே அமர்வுல சத்தமா வாசிங்க. 13 அதிகாரம், 303 வசனம், ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். ஒரு பென்சிலால அஞ்சு எச்சரிப்புகளைக் கோடு போடுங்க: 2:1-4, 3:7-ல இருந்து 4:13 வரை, 5:11-ல இருந்து 6:12 வரை, 10:26-39, 12:14-29. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் வர்ற ஆறுதல் வசனத்தை வேற கலர்ல குறிங்க. 4:14-16, 10:39 மாதிரி. 10:26-ல "மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்கிறவர்களாயிருந்தால்"னு வரும்போது நின்னுடாதீங்க, 29 வரைக்கும் போங்க. அங்க அந்தப் பாவம் என்னன்னு அவரே சொல்றார்: குமாரனைக் காலின்கீழ் மிதிக்கிறது, உடன்படிக்கையின் இரத்தத்தை அசுத்தம்னு எண்ணுறது. தெரிஞ்சே ஒரு பொய் சொன்னது பாவம்தான், அறிக்கை பண்ணணும், ஆனா 29-ம் வசனம் அதைச் சொல்லல. 12:17-ல ஏசா கண்ணீரோட தேடினதும் பலரைப் பயமுறுத்துது. ஆதியாகமம் 27-ஐ வாசிச்சுப் பாருங்க. அவன் அழுதது ஆசீர்வாதம் போச்சேன்னு, பாவம் செஞ்சேனேன்னு இல்ல.

அப்புறம் ஒரு பேப்பர்ல எழுதுங்க: எனக்கு கிறிஸ்து வேண்டாமா, இல்ல அவர் என்னைத் தள்ளிட்டாரோன்னு பயமா? ரெண்டாவதுன்னா எபிரெயர் 6 வர்ணிக்கிற ஆள் நீங்க இல்ல. அந்த ஆளுக்கு இந்தப் பயமே இருக்காது. குறிப்பிட்ட பாவம் இருந்தா அதைப் பேர் சொல்லி 1 யோவான் 1:9-ன்படி அறிக்கை பண்ணுங்க. ஆள்கிட்ட தப்பு செஞ்சிருந்தா அவர்கிட்டயும் போங்க. நம்பிக்கையான ஒரு மூப்பர்கிட்டயோ ஆயர்கிட்டயோ சொல்லுங்க.

செய்யக்கூடாததும் ஒண்ணு உண்டு. ஒவ்வொரு கூட்டத்துலயும் முன்னாடி போய் "இந்தத் தடவையாவது உண்மையா இருக்கட்டும்"னு இரட்சிப்பின் ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீங்க. அப்படிச் செஞ்சா கண்ணு கிறிஸ்து மேல இருந்து நம்ம ஜெபத்தோட தரத்து மேல போயிடும். பத்தாவது ஜெபத்தையும் அதே சந்தேகம் தின்னுடும். அறிக்கை பண்ணிட்டும் மாசக்கணக்கா அதே எண்ணம் விடாம சுத்தி, வேலை, தூக்கம், சாப்பாடு எல்லாத்தையும் கெடுக்குதுன்னா அது மன எண்ணச் சுழற்சி நோயாவும் (ஓ.சி.டி.) இருக்கலாம். ஒரு மனநல மருத்துவரைப் பாருங்க. அது அவிசுவாசம் இல்ல.

கடைசியா, வீட்டுல ஒருத்தர் சபையை விட்டே போயிட்டாங்கன்னா, மகனோ, தங்கச்சியோ. அவங்க தலையில எபிரெயர் 6-ஐ ஒட்டாதீங்க. 2 தீமோத்தேயு 4-ஐத் திறங்க. 10-ம் வசனத்துல தேமா பவுலை விட்டுப் போயிட்டான். அடுத்த வசனத்துலயே, ஒரு காலத்துல பாதி வழியில விட்டுட்டுப் போன மாற்கைக் கூட்டிட்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன்னு பவுல் எழுதுறார். போன அன்னைக்கு ரெண்டு பேரும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்திருப்பாங்க. அதனால ஞாயித்துக்கிழமை அவங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்க. சண்டை போடாம "எப்படி இருக்க"ன்னு கேளுங்க. யாக்கோபு 5:19, 20-ஐ வாசிச்சுட்டு, அவங்க பேரைச் சொல்லி தினமும் ஜெபம் பண்ணுங்க.