அரைக்கால் கிலோ மல்லிகை

நேயர்களுக்கு வணக்கம். மதுரை வில்லாபுரத்தில் என் வீட்டுத் திண்ணையில் இருபது வருஷமாக டியூஷன் எடுக்கிறேன். ஆரம்பத்தில், படம் பார்த்தால் புரிகிறவர்கள், காதால் கேட்டால் பிடித்துக்கொள்கிறவர்கள், கையால் செய்து பார்த்தால்தான் விளங்குகிறவர்கள் என்று பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து உட்கார வைத்தேன்.

அதில் ஒரு பையனுக்குக் கெடுதல் செய்துவிட்டேன். சொன்னால் டக்கென்று பிடித்துக்கொள்வான். 'இவனுக்குக் காதுதான்' என்று முடிவுகட்டி, எல்லாப் பாடத்தையும் நானே வாசித்துக் காட்டினேன். அவன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான் என்பது பத்தாம் வகுப்பில்தான் எனக்கு உறைத்தது. பொதுத்தேர்வில் வினாத்தாளை வாசிக்கத் தருகிற 10 நிமிஷம் அவனுக்கு முதல் பக்கத்துக்கே எப்படிப் போதும்? அப்புறம் தினமும் வாய்விட்டு வாசிக்க வைத்தேன். தேறிவிட்டான். வீணாய்ப்போன இரண்டு வருஷம் என் பொறுப்பு.

ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் 2008இல், படம், காது, கை என்று இப்படிப் பிள்ளைகளைப் பிரித்து நடத்துவது பற்றிய ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். பிள்ளையின் 'பாணி' பார்த்து நடத்தினால் கூடுதலாகப் பலன் கிடைக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். சரி, எல்லாருக்கும் ஒரே மாதிரி நடத்தலாமா? கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் சிக்கி நிற்கிற இடம் வேறு, வீட்டிலிருந்து கொண்டுவருகிற அறிவு வேறு.

ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பூக்கட்டுகிற வீட்டுப் பிள்ளை. 1/4 பெரிதா, 1/8 பெரிதா என்றால் 1/8 என்றாள். நாலைவிட எட்டுதானே பெரிசு! நோட்டை மூடச் சொன்னேன்.

"மாட்டுத்தாவணியில அம்மா வாங்கின ஒரு கிலோ மல்லியை நாலு பேருக்குப் பங்கு வச்சா?"

"கால் கிலோ மிஸ். 250 கிராம்."

"எட்டுப் பேருக்கு?"

நூல் சுற்றுகிற மாதிரி விரலை ஆட்டிக்கொண்டே யோசித்தாள். "அதுல பாதிதான் வரும். 125."

"அதுக்குப் பேரு அரைக்கால்" என்றேன். காலில் அரை. நம் பாட்டிமார் வாயில் புழங்கிய அந்தச் சொல், கணக்கைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. அவளே நோட்டைத் திறந்து 1/8ஐ அடித்துவிட்டு 1/4 என்று எழுதினாள்.

இப்போது என் திண்ணையில் பின்னம் பூவில் ஆரம்பித்து, கோடு போட்ட படத்துக்குப் போய், எண்ணில் முடிகிறது. மூன்றும் எல்லாருக்கும் உண்டு.

பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர், "இவனுக்குப் படம் போட்டாத்தான் ஏறும்" என்கிறார்கள். போன வாரம் எந்தக் கணக்கில் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான் என்று சொல்லுங்கள். அங்கேயிருந்து ஆரம்பித்துக்கொள்கிறேன். வணக்கம்.