திட்டாமலும் திருத்தலாம்

வணக்கம் நேயர்களே.

உங்களிடம் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், அதற்குள் ஓடிக்கொண்டிருப்பது லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி. ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய வேலை அது. இன்று ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பல நாடுகளிலிருந்து கோட் எழுதி, பேட்ச் பேட்ச்சாக, அதாவது சின்னச் சின்ன மாற்றங்களாக, மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. எழுத்து வழியாகத்தான் பழக்கமே.

அந்த எழுத்து வெகுகாலம் கரடுமுரடாக இருந்தது. பேட்ச்சில் தப்பு இருந்தால், அனுப்பியவரின் மூளையையும் சேர்த்துத் திட்டுவார்கள், அதுவும் ஊரே படிக்கிற மாதிரி. கறாராக இருந்தால்தான் தரம் நிற்கும் என்று நியாயமும் சொன்னார்கள். கறார் வேண்டும், சரி. அதற்கு வசவு எதற்கு?

"நினைவகம் கிடைக்காமல் போனால் இந்த இடத்தில் லாக் விடுபடாமல் நின்றுவிடும், சரிசெய்து அனுப்புங்கள்." தப்பு எங்கே என்று சொல்லும் இந்த ஒரு வரி போதும், கோட் திருந்திவிடும். கூடவே நாலு வசவு சேர்த்தால் கோட்டில் ஓர் எழுத்துகூட மாறாது. ஆனால் முதல் பேட்ச்சை எழுதி வைத்துக்கொண்டு, அனுப்பலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் ஒரு பெண்ணோ, ஆங்கிலத்தில் தடுமாறும் ஒரு மாணவனோ அதைப் படித்தால்? சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுவார்கள். ஒதுங்கினார்கள் என்பதே யாருக்கும் தெரியாது. எனக்குப் பெரிய வருத்தம் அதுதான்.

ஒருவர் போனது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. கருவிகளைக் கணினியோடு வேகமாக இணைக்கும் யூஎஸ்பி 3.0 வசதி மற்ற இயங்குதளங்களுக்கு முன்பே, 2009இல், லினக்ஸில் வந்தது. அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதியவர், இந்தப் பேச்சுமுறை மாற வேண்டும் என்று 2013இல் வெளிப்படையாகக் கேட்டார். மாறவில்லை. 2015இல், தான் விலகியதையும் அதன் காரணத்தையும் எழுதிவிட்டுப் போய்விட்டார். அப்படிப்பட்டவரையே தக்கவைக்க முடியவில்லை என்றால், புதிதாக வருகிறவர் எம்மாத்திரம்!

2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸே மன்னிப்புக் கேட்டார். மற்றவர்களின் உணர்வைப் புரிந்துகொள்ள உதவி தேடப்போவதாகச் சொல்லிக் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தார். கெர்னல் குழுவுக்கு நடத்தை விதிகளும் அப்போதுதான் வந்தன. இனி தரம் போய்விடும் என்று புலம்பியவர்கள் உண்டு. அப்போது தயாராகிக்கொண்டிருந்த 4.19 பதிப்பை, அவருக்குப் பதிலாக மூத்த பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் முடித்து அக்டோபர் 22 அன்று வெளியிட்டார். அப்புறம் டோர்வால்ட்ஸ் திரும்பி வந்தார். மோசமான பேட்ச்சை இன்றும் அவர் திருப்பி அனுப்பத்தான் செய்கிறார்.

விதிகள் ஏட்டோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு நம்பிக்கையாகப் பேசமாட்டேன். 2024இல், வட்டில் கோப்புகளைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் ஒரு கோப்பு முறைமையைப் பராமரித்துவந்த ஆற்றல்மிக்க ஒருவர், சக நிரலாளரிடம் வரம்பு மீறிப் பேசினார். நடத்தை விதிகளைக் கவனிக்கும் குழுவினர் அவரை வெளிப்படையாக மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அது நடக்காததால், 6.13 பதிப்பு வேலை முடியும்வரை அவர் அனுப்பும் மாற்றங்களை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள்.