நாளைக்கு ராயல் அஸ்காட்: ஏழு ரேஸ், என் கையில் இரண்டே குதிரை

வணக்கம் மக்களே. வீடியோ கொஞ்சம் லேட், மன்னிக்கணும். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூடினால் எனக்கு வேர்த்துக் கொட்டும். இந்த வெயிலும் நாளைய கணக்கில் வரும், அதை அப்புறம் சொல்கிறேன்.

இன்றைக்கு திங்கட்கிழமை. நாளை, 2025 ஜூன் 17, இங்கிலாந்தின் பெரிய குதிரைப் பந்தய விழாவான ராயல் அஸ்காட்டின் முதல் நாள். முதல் ரேஸ் இங்கே மதியம் 2.30, இந்தியாவில் இரவு 7 மணி. மொத்தம் ஏழு ரேஸ். போன வருஷம் இதே நாளில் ஏழுக்கும் ஏழு பெயர் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? கமென்ட்டில் நீங்கள் என்னை வறுத்தெடுத்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நோட்டபிள் ஸ்பீச் என்கிற குதிரை தோற்கவே தோற்காது என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன். கடைசி வளைவு தாண்டியதும் ஆளையே காணோம். அதனால் இந்த முறை ஏழுக்கும் சொல்லப் போவதில்லை. இரண்டு ரேஸில்தான் எனக்குத் துணிவு இருக்கிறது. மற்றவற்றை ஏன் தொடவில்லை என்றும் சொல்கிறேன்.

முதலில் களம். சின்ன வயதில் என்னைக் கிண்டி ரேஸ் கோர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போன மாமா ஒருவர் இருந்தார். "மாப்ளே, குதிரை பேரை அப்புறம் படி. அது எந்த ரோட்ல ஓடப் போவுதுன்னு முதல்ல பாரு" என்பார். அஸ்காட்டுக்கு இது அப்படியே பொருந்தும், ஏனென்றால் இங்கே ஒரே மைல் தூரத்துக்கு இரண்டு பாதை. ஒன்று நேர்கோடு, வளைவே கிடையாது. இன்னொன்று ஓல்டு மைல், வலது கைப் பக்கம் வளைந்து வரும். வளைவு முடிந்தபின் வெற்றிக் கம்பம் வரை ஏறக்குறைய இரண்டரை ஃபர்லாங்தான் மிச்சம், அதாவது ஐந்நூறு மீட்டர். அதுவும் ஏற்றம். நேர்கோட்டில் பின்னால் படுத்து வந்து கடைசியில் பாய்கிற குதிரைக்கு நேரம் கிடைக்கும். ஓல்டு மைலில் அதே குதிரை முன்னால் இருப்பவற்றின் வாலைப் பார்த்துக்கொண்டே வர வேண்டியதாகிவிடும்.

நாளை முதல் ரேஸ் குயின் ஆன் ஸ்டேக்ஸ் நேர்கோட்டில். நாலாவது ரேஸ் செயின்ட் ஜேம்ஸ் பேலஸ் ஸ்டேக்ஸ் ஓல்டு மைலில். இரண்டும் குரூப் 1, அதாவது உச்ச தர ரேஸ். இரண்டும் ஒரு மைல். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

குயின் ஆனுக்கு வருவோம். 1711-ல் இந்த மைதானத்தைத் தொடங்கிவைத்த ராணியின் பெயர். எல்லார் வாயிலும் இருக்கிற குதிரை ரோசாலியன். ட்ரெய்னர் ரிச்சர்ட் ஹானன், சவாரி ஷான் லெவி. இதோ, குதிரைகளின் விவரம் இருக்கிற ரேஸ் கார்டைக் கேமரா பக்கம் காட்டுகிறேன், தெரிகிறதா? பெயருக்கு இடது பக்கம் சின்னதாக எண்கள்: 2, 1, 1, ஒரு கோடு, 3. கடைசி நாலு ஓட்டத்தில் எத்தனையாவதாக வந்தது என்பது. நடுவில் இருக்கிற அந்தக் கோடு வருஷம் மாறியதைக் காட்டுகிறது. கோட்டுக்கு முந்திய 1 போன ஜூனில் இதே அஸ்காட்டில் வென்ற செயின்ட் ஜேம்ஸ் பேலஸ். அதற்கு முந்திய 1 ஐரிஷ் 2000 கினீஸ், மூன்று வயதுக் குதிரைகளுக்கான பெரிய மைல் ரேஸ். பிந்திய 3 இந்த மே மாதம் நியூபரியில் ஓடிய லாக்கிஞ்ச். அந்தச் சின்னக் கோட்டுக்குள் பதினோரு மாதம் ஒளிந்திருக்கிறது. உடம்பு சரியில்லாமல் லாயத்திலேயே நின்ற பதினோரு மாதம். புதிதாகப் பார்ப்பவர்கள் கடைசி எண்ணை மட்டும் பார்த்து "மூணாவதா வந்த குதிரைதானே" என்பார்கள். நான் அந்தக் கோட்டைப் பார்ப்பேன். இத்தனை மாதம் கழித்து வந்து மூன்றாவதாக வந்த குதிரை, அடுத்த ஓட்டத்தில் இன்னும் இறுகியிருக்கும். லாக்கிஞ்சில் அதைத் தாண்டிப் போன லீட் ஆர்ட்டிஸ்டுக்கு இந்த வாதம் பொருந்தாது.

அப்படியானால் ரோசாலியன்தானா என்று கேட்டால், தகுதி அதற்குத்தான் என்பேன். ஆனால் விலை, அதாவது ஒரு பவுண்டு கட்டி ஜெயித்தால் எத்தனை பவுண்டு கிடைக்கும் என்பது, ரொம்பக் குறைவு. என் பணம் போகிற இடம் வேறு: டாக்லண்ட்ஸ். இந்தக் குதிரைக்கும் அந்த நேர்கோட்டுக்கும் ஏதோ ஜென்ம பந்தம். 2023-ல் இதே ராயல் அஸ்காட்டில், இதே நேர் மைலில், பிரிட்டானியா ஸ்டேக்ஸ் ஜெயித்தது. ஹேண்டிகேப் என்றால் நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றி எல்லாவற்றையும் சமமாக்கப் பார்க்கிற ரேஸ். குதிரைக் கூட்டம் அலைமோதுகிற ஹேண்டிகேப் அது, அங்கே ஜெயிக்கிற குதிரைக்கு நெரிசலில் பயம் இருக்காது. போன வருஷம் இதே குயின் ஆனில் இரண்டாவது. அதைத் தோற்கடித்த சாரின் இப்போது ஓடுவதில்லை. ட்ரெய்னர் ஹாரி யூஸ்டஸ், சவாரி ஆஸ்திரேலியாவின் மார்க் ஸாரா, 2022, 2023 என்று அடுத்தடுத்து மெல்போர்ன் கோப்பை வென்ற கை. மற்ற மைதானங்களில் இது சாதாரணக் குதிரைபோலத் தெரியலாம், அதனால்தான் விலை பெரிதாகக் கிடக்கிறது. வின் மட்டும் கட்ட மாட்டேன், ஈச் வே. பாதிப் பணம் ஜெயிப்பதற்கு, பாதி முதல் சில இடங்களுக்குள் வருவதற்கு. இந்த ரேஸில் பெரிய விலை வராது என்று நினைக்காதீர்கள், 2023-ல் டிரிப்பிள் டைம் 33-க்கு 1-ல் ஜெயித்தது.

இரண்டாவது ரேஸ் கவென்ட்ரி ஸ்டேக்ஸ், இரண்டு வயதுக் குட்டிகள். தொடவே மாட்டேன். 2020-ல் நாண்டோ பராடோ 150-க்கு 1. போன வருஷம் ரஷாபார் 80-க்கு 1. ஒன்றிரண்டு தடவை ஓடிய குட்டிகளை வைத்து ஜோசியம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. டீ போட எழுந்து போகிற நேரம் இது.

மூன்றாவது கிங் சார்லஸ் ஸ்டேக்ஸ், ஐந்து ஃபர்லாங், ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். பழைய பெயர் கிங்ஸ் ஸ்டாண்ட். ஆஸ்திரேலியாக்காரர்கள் இங்கே வந்து அள்ளிக்கொண்டு போகிற ரேஸ்: 2003-ல் சாய்சர், 2006-ல் டேக்ஓவர் டார்கெட், 2022-ல் நேச்சர் ஸ்ட்ரிப், போன வருஷம் ஆஸ்ஃபூரா. ஆனால் நேர்கோட்டில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி கேலரி ஓரமாகவும் இன்னொரு பகுதி அந்தப் பக்க வேலி ஓரமாகவும் ஓடினால், எந்தப் பக்கம் வேகம் என்பது ஓடி முடிந்த பிறகுதான் தெரியும். வேடிக்கை பார்க்கிறேன்.

இப்போது நாலாவது, நான் காத்துக்கொண்டிருக்கிற ரேஸ். இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து மூன்று நாட்டு கினீஸ் ஜெயித்த மூன்று குதிரையும் ஒரே இடத்தில். நியூமார்க்கெட்டில் ஜெயித்த ரூலிங் கோர்ட், லாங்ஷாம்பில் ஜெயித்த ஆன்ரி மத்தீஸ், கர்ராவில் ஜெயித்த ஃபீல்டு ஆஃப் கோல்டு.

நான் ஃபீல்டு ஆஃப் கோல்டு பக்கம். சாம்பல் நிறம், டிவியில் கண்டுபிடிப்பது சுலபம். அதற்காக இல்லை. நியூமார்க்கெட் ரேஸைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், மனைவி திட்டுகிற அளவுக்கு. ரூலிங் கோர்ட் முன்னால் போய்விட்டது, இது பின்னாலிருந்து கிளம்பி வருகிறது, கம்பம் வந்துவிடுகிறது. அரைக் குதிரை நீளத்தில் தோல்வி. இன்னும் ஐம்பது அடி இருந்திருந்தால் கதையே வேறு. அடுத்த ரேஸில் ஜாக்கி மாறினார். காலின் கீன் ஏறினார், கர்ராவில் சுலபமாக ஜெயித்தது.

எனக்கே ஒரு பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. அந்த இரண்டரை ஃபர்லாங். இது பின்னாலிருந்து வருகிற குதிரை. வளைவில் வேலியோரம் மாட்டிக்கொண்டால் வெளியே வர நேரம் இருக்காது. நாளை ஓட்டத்தைப் பார்க்கும்போது முதல் பாதியில் முன்னணிக் குதிரையைப் பார்க்காதீர்கள், சாம்பல் குதிரையைப் பாருங்கள். வளைவுக்குள் நுழையும்போது அதற்கு வெளிப்பக்கம் வழி திறந்திருந்தால், நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவேன்.

வெயில் விஷயம் சொன்னேனே. தரை காய்ந்துகொண்டிருக்கிறது, கெட்டியாக இருக்கும். இது ரூலிங் கோர்ட்டுக்கு நல்லது. பத்து நாள் முன்பு எப்சம் டெர்பியில் மழை பெய்து தரை இளகியதும் அதை ஓட்டாமலே விலக்கிக்கொண்டார்கள். அதனால் களைப்பில்லாமல், பிடித்த தரையில் வருகிறது. நான் தோற்றால் அதனிடம்தான் தோற்பேன்.

மிச்சம் மூன்றையும் வேகமாக முடிக்கிறேன். ஐந்தாவது அஸ்காட் ஸ்டேக்ஸ், இரண்டரை மைல் ஹேண்டிகேப். இங்கே ஒரு சூட்சுமம்: தடைதாண்டும் குதிரைகளை வளர்ப்பவர்களின் லாயத்தைப் பாருங்கள். வில்லி மல்லின்ஸ் 2012, 2015, 2017, 2018 என்று நாலு முறை ஜெயித்திருக்கிறார். அந்தக் குதிரைகள் குளிரில் வேலி தாண்டித் தாண்டி மூச்சு வளர்த்தவை. சமதளத்தில் அதிகம் ஓடாததால் ஹேண்டிகேப்பர் கொடுக்கிற எடையும் குறைவு. எந்தக் குதிரை என்று இப்போது சொல்ல மாட்டேன், ரேஸுக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடக்கவிடுகிற பேடாக்கில் பார்த்தபின்தான். பின்னங்கால் இடுக்கில் நுரை கட்டியிருந்தால், கழுத்து நனைந்திருந்தால், இரண்டரை மைலுக்கு வேண்டிய தெம்பு அங்கேயே பாதி போய்விட்டது என்று அர்த்தம். ஆறாவது ரேஸ் உல்ஃபர்டன், ஏழாவது காப்பர் ஹார்ஸ், இரண்டுக்கும் எனக்குக் கருத்தில்லை.

பணம் பற்றி ஒரு வார்த்தை. என் மெட்ராஸ் ரேஸ் கிளப் நண்பர்கள் அடிக்கடி சொல்வார்கள், 1996-ல் உச்ச நீதிமன்றமே குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று தீர்ப்பு கொடுத்துவிட்டது என்று. உண்மைதான். என் பர்ஸுக்கு மட்டும் அந்தத் தீர்ப்பு நகல் இன்னும் வந்து சேரவில்லை. நாளைக்கு நான் ஒதுக்கியது 20 பவுண்டு: டாக்லண்ட்ஸ் ஈச் வே ஐந்தும் ஐந்தும், ஃபீல்டு ஆஃப் கோல்டுக்குப் பத்து. அஸ்காட் ஸ்டேக்ஸுக்கு இது இரண்டில் ஏதாவது திரும்பி வந்தால்தான். பதினெட்டு வயது ஆகாதவர்கள் குதிரையை மட்டும் ரசியுங்கள்.

புல் வெட்டுகிற சத்தம் நின்றுவிட்டது பாருங்கள், நான் முடிக்கும்போதுதான் நிற்கும். நாளை 2.15-க்கு லைவ் வருகிறேன், பேடாக்கில் டாக்லண்ட்ஸ் எப்படி நடக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.