போட்டது 16, காட்டுவது 8

நேயர்களுக்கு வணக்கம்.

எட்டு ஜிபி ராம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம், இரண்டு வாங்கிப் போட்டாயிற்று. கணினியைத் திறந்தால் எட்டுதான் காட்டுகிறது. "ராம் போச்சு" என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள், ராம் நன்றாகவே இருக்கலாம்.

16க்குப் பதில் 15.8 என்று காட்டினால் அது கோளாறே இல்லை. பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பாதியே காணோம் என்றால்தான் தேட வேண்டும்.

எங்கே தேடுவது? கணினியை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போங்கள். அங்கே மொத்த நினைவகம் எவ்வளவு என்று போட்டிருக்கும். அதிலும் எட்டுதான் என்றால் விண்டோஸ்மீது பழியில்லை. இதைப் பார்க்காமலே விண்டோஸை அழித்து மறுபடி நிறுவுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும்.

பயாஸில் 16 இருந்து விண்டோஸில் மட்டும் குறைகிறதா? 32 பிட் விண்டோஸ் என்றால், சாதாரணக் கணினிகளுக்கான பதிப்புகளில் 4 ஜிபிதான் எல்லை. அதிலும் மற்றச் சாதனங்களுக்கு இடம் ஒதுக்கியது போக மூன்றேகால், மூன்றரைதான் கையில் நிற்கும். 64 பிட் என்றால் விண்டோஸின் தொடக்க அமைப்புகளை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) திறந்து, பூட் பகுதியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் மெமரி' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். டிக் செய்தால் வேகம் கூடும் என்று யாரோ சொன்ன வைத்தியம் அது. கூட்டாது, இருப்பதையும் பூட்டிவைக்கும். டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பயாஸிலேயே குறைந்தால் கணினியைப் பிரிக்க வேண்டியதுதான். மின்சார இணைப்பைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு ராமைக் கழற்றி மறுபடி பொருத்துங்கள். பல மதர்போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே தாழ்ப்பாள் இருக்கும். அது 'க்ளிக்' என்று விழுந்துவிட்டதே என்று விட்டுவிடுவோம். எதிர்முனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். இரு முனைகளையும் அழுத்திப் பார்க்க வேண்டும். ராம் செருகும் இடங்கள், அதாவது ஸ்லாட், நான்கு இருந்து ராம் இரண்டு என்றால், பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். போர்டின் கையேட்டில் அதோடு, அது அதிகபட்சம் எவ்வளவு ராம் ஏற்கும் என்பதும் இருக்கும்.

அப்புறமும் வரவில்லையா? ஒரு ராமை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். அடுத்து அதே ஸ்லாட்டில் மற்றதை. ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள். எந்த ஸ்லாட்டிலும் ஒரே ராம் மட்டும் மக்கர் செய்தால் ராம்தான் குற்றவாளி. எந்த ராமைப் போட்டாலும் ஒரு ஸ்லாட் வேலை செய்யவில்லை என்றால் ஸ்லாட்டைக் குறை சொல்லுமுன் பிராசசரைப் பாருங்கள். இன்றைய கணினிகளில் ராமின் இணைப்புகள் நேரே பிராசசருக்கே போகின்றன. பிராசசர் உட்காரும் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தாலோ, பிராசசர்மேல் இருக்கும் கூலரின் திருகுகளை ஒரு பக்கம் அதிகமாக முறுக்கியிருந்தாலோ ஒரு சேனல், அதாவது ராமுக்கும் பிராசசருக்கும் இடையிலான ஒரு பாதை, முழுக்கக் காணாமல் போகும். திருகுகளைத் தளர்த்தி, மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினால் தொலைந்த எட்டு ஜிபி திரும்பி வருவதும் உண்டு. வளைந்த பின்னை நீங்களே நிமிர்த்தப் போகாதீர்கள். எந்த ராம் எந்த ஸ்லாட்டில் வேலை செய்தது என்று ஒரு தாளில் குறித்து, போர்டோடு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

வணக்கம்.