‘பாய்காட்’ ஒரு மனிதரின் பெயர்

[திரையில்: அயர்லாந்து வரைபடம், 1880]

சாண்ட்விச், கார்டிகன் (முன்பக்கம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டை) ஆகிய ஆங்கிலச் சொற்கள் பிரபுக்களின் பட்டப்பெயர்களிலிருந்து வந்தவை. அவற்றால் அந்தப் பிரபுக்களுக்கு எந்த இழுக்கும் நேரவில்லை. புறக்கணிப்பைக் குறிக்கும் ‘பாய்காட்’ என்ற சொல்லோ, அதற்குரியவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்கு எதிராக உருவாக்கப்பட்டது.

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பிறந்து, சில காலம் படையில் இருந்த சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், மாஸ்க் ஏரிக்கரையில், அர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தார். விளைச்சல் பொய்த்ததால் குத்தகையில் 25 சதவீதத்தைக் குறைக்கும்படி குடியானவர்கள் கேட்டார்கள். பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கி வரவில்லை. பாக்கி வைத்தவர்களை வெளியேற்ற, செப்டம்பர் 22 அன்று நோட்டீஸ் கொண்டுவந்த ஆளைப் பெண்கள் கல்லும் சேறும் சாணமும் எறிந்து விரட்டினார்கள்.

அதற்கு மூன்று நாள் முன்புதான், எனிஸ் நகரில், குடியானவர்களுக்காகப் போராடிய நிலக் கழகத்தின் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: அண்டைவீட்டான் வெளியேற்றப்பட்ட நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவனை என்ன செய்வது? கூட்டத்தில் சிலர் “சுட்டுத் தள்ளுங்கள்” என்று கத்தினார்கள். அதைவிடக் கிறிஸ்தவத்தனமான வழி ஒன்று இருக்கிறது என்ற பார்னெல், தெருவிலும் கடையிலும் சந்தையிலும் வழிபாட்டு இடத்திலும் அவனை அடியோடு ஒதுக்கிவிடச் சொன்னார்.

மேயோ மக்கள் அந்த வழியைக் காரியஸ்தர்மீதே திருப்பினார்கள். வேலையாட்கள் விலகினார்கள், கொல்லரும் துணி வெளுப்பவரும் கைவிரித்தார்கள், பக்கத்து ஊரான பாலின்ரோபின் கடைக்காரர்கள் சரக்குத் தர மறுத்தார்கள். அக்டோபரில் பாய்காட் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்கு எழுதிய முறையீட்டுக் கடிதம் வெளியானபின், கேவன், மோனகன் மாவட்டங்களிலிருந்து 50 பேர் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காவலாகச் சுமார் 1,000 படைவீரர்களும் போலீசாரும் நின்றார்கள். ஏறத்தாழ 500 பவுண்டு பெறுமான விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுண்டு செலவானதாகக் கணக்கிட்டார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

[திரையில்: பாதிரியார் இல்லத்தில் இருவர் உரையாடும் ஓவியம்]

இந்தப் போராட்ட முறைக்குப் பெயர் தேடியவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத். ஏதென்ஸ் நகரத்தார் நாடுகடத்த வேண்டியவரின் பெயரைப் பானை ஓட்டில் கீறி வாக்களித்த வழக்கத்திலிருந்து வந்த ‘ஆஸ்ட்ரசைஸ்’ (ஒதுக்கிவைத்தல்) என்ற சொல் கையிலிருந்தாலும், அது குடியானவர்களுக்குப் புரியாது என்று அவர் தயங்கினார். அப்போது, “பாய்காட் செய்வது என்றே சொன்னால் என்ன?” என்று அவ்வூர்ப் பாதிரியார் ஜான் ஓமேலி கேட்டதாக ரெட்பாத்தே எழுதியிருக்கிறார். நவம்பருக்குள் அச்சொல் லண்டன் நாளிதழ்களில் ஏறிவிட்டது. பிறகு பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளும் அதை எடுத்துக்கொண்டன.

டிசம்பர் 1 அன்று பாய்காட் குடும்பத்துடன் அயர்லாந்தை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு நியூயார்க் சென்றபோது, தம் பெயரைச் ‘சார்லஸ் கன்னிங்ஹாம்’ என்று மட்டுமே பதிந்துகொண்டார். ஆனாலும் செய்தியாளர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள்.